ஒன்பது அங்குலம்

ஜூன் 3, செவ்வாய்

தீயணைப்பு நிலையத்து ஹாலில் இசைத் திருவிழாத் தொண்டர்கள் கூட்டம். கழிப்பறை வண்டிகளை எங்கே நிறுத்துவது என்பதிலேயே பாதி நேரம் போய்விட்டது. கடைசியில் தலைவர் டுவைட் என் விஷயத்தில் கை வைத்தான்.

"கிளென்னா, இந்த வருஷம் நாற்காலி ரூலை விட்டுரலாமா? நம்ம ஜனங்களுக்கு வயசாகுது."

விட்டுவிட வேண்டுமாமே! பதினான்கு வருஷமாகக் காப்பாற்றி வருகிறேன். மேடைக்கு முன்னால் புல்லில் ஒரு கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம், உட்காரும் இடம் தரையிலிருந்து ஒன்பது அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உயர நாற்காலியெல்லாம் அந்தப் பக்கம். இந்த விதி வருவதற்கு முன்பு பாஞ்சோ வாத்தியச் சத்தத்தைவிட "குனிடா, மறைக்குது" சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். ஒருத்தன் முன்னால் இருந்தவன் தலையில் லெமனேடைக் கவிழ்த்தான். மேடைக்குப் பின்னால் நிற்கிற டுவைட்டுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

ஓட்டெடுப்பு. ஏழுக்கு நான்கு. ஜெயித்தேன். அக்கா ரோடா எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. பீச் பழக் கேக்கைத் தின்றுகொண்டே இருந்தாள். மார்ச்சில் இடுப்பு ஆபரேஷன் ஆனதிலிருந்தே அவள் இப்படித்தான். காரிலும் பேசவில்லை.

ஜூன் 4

போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

இன்றும் எடுக்கவில்லை. எனக்கென்ன! ஆறு வாரம் அவளைக் குளிப்பாட்டியது யார்? இடுப்பு மடங்கத் தாழ்வாக உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் சோபாவுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தியது யார்? நன்றி வேண்டாம், போனையாவது எடுக்கலாமே.

ஜூலை 17, வியாழன்

மைதானத்துக்கு வந்தாயிற்று. இருநூறு கூடாரமாவது இருக்கும். வழக்கம்போல் ரோடா தங்குகிற வண்டி என் வண்டிக்குப் பக்கத்தில். "வந்தியா" என்றாள். "வந்தேன்" என்றேன். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு இவ்வளவுதான் பேச்சு.

அளவுகோலைத் துடைத்து வைத்தேன். தக்காளிச் செடிக்கு ஊன்றுகிற குச்சிதான், முப்பது அங்குலம், அங்குலத்துக்கு ஒரு கீறல். அடியிலிருந்து ஒன்பதாவது அங்குலத்தில் சிவப்புக் கோடு.

ஜூலை 18, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

காலை ஏழு மணிக்கு வரிசை வரிசையாக அளந்துகொண்டு வந்தேன். ரோனோக் ஊரிலிருந்து வந்த ஒரு ஆள், நாற்காலி பத்தரை அங்குலம். பின்னால் அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே போனான். மூன்றாவது வரிசை, இடது ஓரம். பிடில்காரரின் விரல் தெரிகிற இடம். நானும் ரோடாவும் இருபத்திரண்டு வருஷமாக உட்காருகிற இடம். அங்கே புத்தம் புது நீல நாற்காலி. அதில் மகாராணி மாதிரி என் அக்கா.

"எந்திரிக்கா."

"அளந்து பாரு. எல்லாரும் பாக்கட்டும்."

அளந்தேன். பதினேழு அங்குலம்.

டுவைட் ஓடிவந்தான். "விட்டுத் தொலையேன் கிளென்னா! இல்லேன்னா சக்கர நாற்காலிக்காரங்க இடத்துல போடலாம்."

"நான் ஒண்ணும் நோயாளி இல்ல" என்றாள் ரோடா.

ரோனோக் ஆள் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினான். "அப்ப நானும் வரலாமா? இல்ல, சொந்தக்காரங்களுக்கு மட்டுந்தானா?"

நான் என்ன செய்ய? என்னதான் செய்திருக்க முடியும்? அவளை எழுப்பினேன். நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு போய்க் கயிற்றுக்குப் பின்னால் வைத்தேன். ஊன்றுகோலை வைத்துக்கொண்டு அவள் மெதுவாக வந்தாள், மொத்தக் கூட்டமும் பார்க்க. வந்தவள் உட்காரவில்லை. நேரே தன் வண்டிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் மாதக் கூட்டத்திலேயே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே! கேக்கைத் தின்னத் தெரிந்த வாய்க்கு அது தெரியாதா? கல்நெஞ்சக்காரி.

ஜூலை 19, சனி

பீன்ஸும் சோள ரொட்டியும் கொண்டுபோனேன். கதவை ஒரு சாண் திறந்தாள்.

"ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?"

"என் சோபாவுக்குக் கட்டை வெச்சியே, எவ்வளவு உயரம்னு எதை வெச்சுடி அளந்தே?"

கதவு சாத்திக்கொண்டது. ரொட்டி என் கையிலேயே.

இந்தக் குச்சிதான். இதே குச்சி. பதினேழு அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ரோடா பார்த்துக்கொண்டிருக்க, முட்டி போட்டு நான்கு மூலையையும் அளந்தேன். ஏப்ரலில் அளந்தவளுக்கு ஜூனில் புத்தி எங்கே போயிற்று? ஓட்டில் ஜெயித்துவிட்டுக் காரில் சீட்டியடித்துக்கொண்டு வந்தேனே, சனியன் பிடித்தவள்!

விதி சரிதான். இப்போதும் சொல்கிறேன், சரிதான். அதுதான் இன்னும் எரிகிறது.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் டுவைட்டிடம் குச்சியை நீட்டினேன். "இனிமே நீயே அளந்துக்கோ." முழித்தான்.

என் குட்டை நாற்காலியைக் கயிற்றுக்குப் பின்னால் கொண்டுபோய் நீல நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டேன். பக்திப் பாட்டு தொடங்கும் நேரத்தில் ரோடா வந்தாள். என்னைப் பார்த்தாள். ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். என் தலை அவள் தோள் உயரத்துக்குத்தான் வந்தது.

டுவைட் அளக்கிறான். குச்சியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான், மடையன்! சிவப்புக் கோடு இருபத்தோரு அங்குலத்தில் நிற்கிறது. அளக்கிற நாற்காலி எல்லாம் தேறுகிறது. ரோனோக் ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு முன்னால் போகிறான். பின்னாலேயே பாதிக் கூட்டம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்திருக்கவில்லை.

"அவன் அளக்கற லட்சணத்துக்கு நாமளும் முன்னாடி போகலாம் போலிருக்கே" என்றாள் ரோடா. நேற்றுக் கதவைச் சாத்தியதற்குப் பிறகு முதல் பேச்சு.

"போறியாக்கா?"

"போகமாட்டேன்."

பாட்டு தொடங்கியது. எனக்கு எதிரே முழுக்க முதுகுகள்.

"என்னடி தெரியுது அங்கேருந்து?"

"ஒரு சட்டை. அழுக்குச் சட்டை."

"நல்லா வேணும்" என்றாள். பிறகு, முகத்தைத் திருப்பாமலே: "பிடில்காரருக்குக் கம்பி அறுந்துடுச்சு. மீதி மூணுலயே வாசிக்கிறார் மனுஷன். மாண்டலின் பொண்ணு சிரிப்பை அடக்கிட்டு நிக்குது. டுவைட் குறுக்க போறான். அந்தத் தொப்பையை அளக்கக் குச்சி பத்தாது."

கடைசிப் பாட்டு வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 2, சனி

ரோடா வந்திருந்தாள். கடை விளம்பரத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்திருக்கிறாள், உயர நாற்காலிப் படம். "அடுத்த வருஷத்துக்கு இதை வாங்கிக்கோடி. குனிஞ்சு குனிஞ்சு சொல்லி எனக்குக் கழுத்து வலிக்குது."

பார்த்தேன். நல்ல நாற்காலிதான். அதில் உட்கார்ந்தால் யாரும் சொல்லாமலே எல்லாம் எனக்குத் தெரியும்.

கலர் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.