உன் போனைக் கெடுத்தவன்

சங்கரி,

சாம்பார் அடுப்பின் மேல் இருக்கிறது. நான் ஓரிக்கை வரை போகிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

உன் போனைக் கெடுத்தது யாழினி இல்லை, நான்தான். போன மாதம் லாக்கை உடைத்து வேறு சாஃப்ட்வேர் போட்டேன், சரிப்படவில்லை. தறியில் தப்பாக ஓடிய ஊடை இழையைப் பிரிப்பதுபோல் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடலாம் என்று நேற்று முயன்றேன். புதியது ஏறிய பிறகு பழையதை அந்தப் போன் ஏற்காதாம். அப்படியே செத்துவிட்டது.

நீ அவளைத் திட்டியபோது தறியை விட்டு எழாமல் இருந்துவிட்டேன்.

அவள் சாப்பிடாமல் பள்ளிக்குப் போயிருக்கிறாள். மதியம் டப்பா கொண்டுபோய்க் கொடு.

உமாபதி

நேற்று நான் கேபிளை மாட்டும்போதே யாழினி பக்கத்தில் நின்று, “வேணாம்பா, பழசை ஏத்துனா போன் எழுந்திருக்காது” என்றாள். நீ திட்டும்போது அதைக்கூட உன்னிடம் சொல்லவில்லை.