பிழையில்லாத ஆங்கிலத்தில் ஒரு நலம்

இல்லை அம்மா, நாங்கள் தமிழை மறந்துவிடவில்லை. விடுமுறையில் என் போனில் எங்கள் தோழிகள் வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்து, "இதென்னடி ரெண்டுங்கெட்டான் பாஷை?" என்று சிரித்தாயே, அதற்குத்தான் பதில். அப்பா சுகமா? உனக்கு மூச்சு வாங்குவது குறைந்ததா?

நாங்கள் நாலு பேரும் ஒரே வரியில் இரண்டு மொழிக்கும் இடம் கொடுப்போம். வேலை ஆங்கிலத்தில் வரும். கிண்டலும் திட்டும் தமிழில்தான் வரும்.

போன வாரம் ஆய்வகத்தில் ஃப்ரீசர் நின்றுபோய் என் மாதிரிகள் எல்லாம் கெட்டுவிட்டன. மறுபடி செய்துவிடலாம், பெரிய விஷயமில்லை. விசாரித்தவர்களுக்கு, நான் நலம், நன்றி என்று குரூப்பில் சுத்தமான ஆங்கிலத்தில் எழுதினேன். எங்களில் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள் உடனே பதில் போட்டாள்: "ஏய் லூசு, ஒரு தமிழ் வார்த்தைகூட இல்ல. அழுவுறியா? கதவைத் திற, டாக்ஸில ஏறியாச்சு."

மூன்று பேரும் வந்தார்கள். நான் கலக்காமல் எழுதியதை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள். என்ன கெட்டிக்காரிகள், பார்!

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் நீலப் போர்வையைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

நேற்று நீ அனுப்பியிருந்தாய்: "அனைவரும் நலம். கவலை வேண்டாம்." ஒரு "அடியே" இல்லை, ஒரு "பிரஷர் மாத்திரை" இல்லை. நீ எப்போது அம்மா இப்படிப் பேசியிருக்கிறாய்?

இவ்வளவு தட்டியதும் நிறுத்திவிட்டுச் சித்திக்குப் போன் செய்தேன். நாளை காலை உன்னை டாக்டரிடம் கூட்டிப்போக வருகிறாள்.