எதிரணிக்கும் கைதட்டுகிறவள்

கரியாலூர்

என் மகளுக்கு,

போன சனிக்கிழமை உன் கல்லூரிப் பெண்கள் ஆடிய கபடியைப் பார்க்க உளுந்தூர்பேட்டைக்கு வந்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. எனக்கு ஆட்டம் புரியாது. அதனால் கோட்டுக்கு வெளியே நின்ற உன்னையே பார்த்துக்கொண்டு, நீ கைதட்டும்போதெல்லாம் நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர் கடுப்பாகிவிட்டார்.

“இன்னா பெரியவரே, நீங்க எந்த டீமு? ரெண்டு பக்கமும் தட்டிக்கினு இருக்கிறீங்க.”

“அந்தக் கோச்சம்மா தட்டுது, நானும் தட்றேன்.”

“அது அப்படித்தான். எதிராளி நல்லாப் புடிச்சாலும் தட்டும். பதினாலு வருசமா மலைப் பொண்ணுங்களக் கூட்டியாந்து ஆட வெக்குது. எட்டுப் பேரு தமிழ்நாடு டீமுக்கே போயிட்டாங்க. உங்களுக்கு இன்னா தெரியும்?”

உண்மைதான், எனக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு புள்ளியில் தோற்றீர்கள். உன் பெண்கள் அழுதுகொண்டே உன்னிடம் ஓடி வந்தார்கள். ஜெயித்த பெண்களும் பின்னாலேயே வந்து உன் காலைத் தொட்டார்கள். அப்படி ஒன்றை இந்த வயதுவரை நான் கண்டதில்லை. நீ என் மகள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எதிரணிக்குக் கைதட்டியதற்கு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் இனி வேலை என்று உன் கல்லூரியில் சொல்கிறார்களாம். உன் அம்மா சொன்னாள். கொடுக்காதே, கண்ணு.

பன்னிரண்டாவது படிக்கும்போது நீ போட்டு ஆடிய சட்டையை அடுப்பில் போட்டவன் நான். அந்தக் கடிதம் நான் எழுத வேண்டியது. அதற்காகத்தான் போன வருசமே முதியோர் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். இந்தப் பக்கத்தை எழுத மூன்று நாள் ஆயிற்று.

உன் அப்பா