தங்கம் வெயிலில் வைத்த சலவை மிஷின்

1934 ஆகஸ்டு 18, சனி. பிரிக்பீல்ட்ஸ்.

கையால் சுற்றித் துணி துவைக்கும் மர மிஷினைப் பழுது பார்க்க, செந்தூல் ரயில் பட்டறையில் இயந்திரம் பொருத்தும் பிட்டர் வேலை பார்க்கும் ஆரோக்கியம் நாளை மாதா கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வருகிறார். பல்சக்கரம் வழுக்குகிறது; அது ஒன்றுதான் குறை என்று நினைத்திருந்தேன். மாலை அலுவலகத்திலிருந்து திரும்பியபோது என் மனைவி தங்கம் கொல்லையில் கலங்கி நின்றாள். வருகிறவர் கண்ணில் சோப்பு அழுக்குப் படக்கூடாதென்று மிஷினின் மரத்தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மூன்று நாளாக வெயிலில் காய வைத்திருக்கிறாள். பலகைகள் சுருங்கிவிட்டன. ஊற்றிய தண்ணீரெல்லாம் இடுக்குகளில் ஒழுகியது.

“அவரு வந்து பாத்துட்டு, தூக்கிப் போடுங்கம்மான்னு சொல்லிட்டா? இந்தக் கைய வெச்சுக்கிட்டு இனிமே கல்லுல தொவைக்க முடியாதுங்க.”

மணிக்கட்டு முறிந்து கூடியதிலிருந்து அவள் வலது கையில் பலமில்லை.

“மரம் ஊறினா சேந்துக்கும். வாளியக் கொண்டா. நான் பொண்ணு பாக்க வந்தப்பகூட உங்க வீட்ட இப்படித் தேச்சிருக்க மாட்டீங்க.”

முறைத்தாள், பிறகு சிரித்துவிட்டாள். பதினொரு வாளி ஊற்றினேன். எட்டு மணிக்கு ஒழுக்கு சொட்டாகக் குறைந்தது.

“வெயில்ல வெச்சத அவருகிட்ட சொல்லிடாதீங்க.”

இருபத்தாறு வருடமாக நடந்ததை நடந்தபடியே எழுதிப் பிழைக்கும் நிருபன் நான். நாளை ஆரோக்கியம் கேட்டால், வெயிலில் வைத்தது நான்தான் என்று சொல்லப் போகிறேன்.