பக்கவாசல் கணக்கு

கார்விக், இண்டியானா
பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் மார்லாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், என் வலது முழங்கால் மட்டும் அதற்குச் சம்மதிப்பதில்லை. அந்த அலாஸ்கா குளிரில் நீ சுகமாயிருக்கிறாய் என்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மனம் ஆறும். நான் அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்ததா இல்லையா என்று நீ இன்னும் எழுதவில்லை.

போன சனிக்கிழமை பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு, நம் சபையின் கீழ்த்தளக் கூடத்தில், கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர் சங்கக் கூட்டம் நடந்தது. யார் யார் வந்தார்கள் என்று நீ கேட்பாய், அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். தலைவர் ஹெர்ஷல் பூன், அவர் மனைவி வில்மா, ரொட்டிக்கடை நோரீன், அப்பாவின் பழைய சிநேகிதர் பக் ரிட்டர், பள்ளி பஸ் ஓட்டும் டுவைன், பாஸ்டர் ஓக்லி, கல்லூரியிலிருந்து வந்த ப்ரூயிட் என்ற இளைஞர், அப்பா, நான். ஒன்பது பேர். ஹெர்ஷலின் நாயையும் சேர்த்தால் பத்து, அது மட்டும்தான் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

இந்த சீசனில் நம் பையன்கள் இருபத்தைந்து ஆட்டம் ஆடி நாலில்தான் ஜெயித்திருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். நம் பக்கம் முதல் கூடை விழும்வரை அரங்கத்தில் யாரும் உட்காரக் கூடாது என்கிற நம் வழக்கத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நீ சின்னவளாக இருந்தபோது அரை நிமிடம் நிற்பதற்குள் உட்கார்ந்துவிடுவோம். இப்போது என் ஸ்கோர் நோட்டில் நின்ற நேரத்தையும் ஒரு ஓரத்தில் எழுதிவருகிறேன். ஜனவரியில் ஒரு நாள் ஆறு நிமிடம் பத்து நொடி நின்றோம். நோரீன் கைத்தடியை உயர்த்தி, "டேய் பசங்களா, எங்க காலைப் பாத்தாவது ஒண்ணு போடுங்கடா" என்று கத்தினாள், அதற்கு எதிர் அணிப் பையன்கள்கூடச் சிரித்தார்கள். அப்பாவை உட்காரச் சொன்னேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாரே தவிர உட்காரவில்லை.

பாஸ்டர் ஜெபம் பண்ணிக் கூட்டத்தைத் தொடங்கினார். ஆமென் சொல்லி வாய் மூடுவதற்குள் ஹெர்ஷல், பயிற்சியாளர் டேலை நீக்கக் கோரும் மனுவை மேசைமேல் விரித்துவிட்டார். பக் குறுக்கே விழுந்து, டேல் என்ன செய்வான், "இங்க நாம ஒருத்தனை ரெண்டு வருஷம் வளத்து ஆளாக்கினா பெரிய காலேஜ்காரன் காரை அனுப்பி ஏத்திக்கிட்டுப் போயிடறான், நாம என்ன இங்க நாத்தங்காலா வச்சிருக்கோம்" என்றார். உடனே நோரீன், "பக், முப்பது வருஷத்துல நீ வளத்தது உன் வயித்தை மட்டும்தான், அதுவும் என் கடை ரொட்டியிலதான்" என்று சொல்ல, வில்மா காப்பியைத் துப்பிவிட்டாள். டுவைன் மெதுவாக, கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடலாம், பஸ் போய்த் திரும்பும் தூரத்தில் இருக்கிற சின்னக் கல்லூரிகளோடு ஆடலாம், தோற்றாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரலாம் என்றான். ஹெர்ஷலுக்கு முகம் சிவந்து போயிற்று. "உங்கப்பா ஆடின சட்டையைப் போட்டுக்கிட்டா இப்படிப் பேசறே" என்றார். டுவைன் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டான், பாவம், அன்றைக்கு அவன் போட்டிருந்தது பஸ் கம்பெனி சட்டை. இப்படியே ஒன்றரை மணி நேரம். எல்லாம் போன வருடமும் பேசிய பேச்சுதான் மார்லா, கேட்கக் கேட்க எனக்குக் கண் செருகியது.

அப்புறம்தான் அந்த ப்ரூயிட் எழுந்தார். நல்ல பிள்ளைதான், தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். தோற்பது கல்லூரிக்கு ஒரு பொருட்டே இல்லையாம். பார்க்க ஆள் வருவதில்லை என்பதுதான் விஷயமாம். இரண்டு வருடத்தில் சொந்த ஊரில் முப்பத்தொரு ஆட்டம், சராசரியாக ஒரு ஆட்டத்துக்கு நூற்றெண்பத்தேழு பேர். மார்ச் பன்னிரண்டாம் தேதி நிர்வாகக் குழு கூடுகிறது, அடுத்த வருடத்தோடு அணியையே கலைத்துவிடுவதா என்று அன்றைக்கு முடிவு செய்வார்கள் என்றார். நோரீன், "தம்பி, நூத்தியெண்பத்தேழுன்னா அது என் கடை வரிசைய்யா, அரங்கமில்லே" என்றாள். அவர் ஜனவரி பதினெட்டாம் தேதி ஆட்டத்தை எடுத்துக்காட்டி நூற்று எழுபத்துமூன்று என்று வாசித்தார்.

என் நோட்டு மடியில்தான் இருந்தது. இடைவேளைக்குச் சற்று முன்னால், யாரும் பாப்கார்ன் வாங்க எழுவதற்குள், நான் வரிசை வரிசையாகத் தலை எண்ணி மூலையில் எழுதி வைப்பேன் என்று உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆட்டக் கணக்கை வானொலியைக் கேட்டு நானாகப் படித்துக்கொண்டவள், என் எண்ணிக்கை தப்பாக இருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஜனவரி பதினெட்டுப் பக்கத்தைத் திறந்தேன். ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு. அதற்கு முன் ஆட்டம் அறுநூற்றிரண்டு. அதற்கும் முன் ஐந்நூற்று எண்பது. மேசைக்கடியில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். நானூறு பேரை நான் எங்கிருந்து கூட்டி எழுதினேன் என்று யோசித்தேன். பெரிய வாசல் வழியாக வருவது மாணவர்களும் வெளியூர்க்காரர்களும்தானே. நம் ஊர் ஜனங்கள், படியேற முடியாதவர்கள், சபைக்காரர்கள், எல்லாரும் வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டிய பக்கவாசலில்தான் வருகிறார்கள். பக்கவாசலில் நிற்பது யார்? உன் அப்பா.

போன வருடத்துக்கு முந்தின நவம்பரில் நீ விடுமுறைக்கு வந்திருந்தபோது அந்த மெஷினைக் கொடுத்தார்களே, டிக்கெட்டைக் காட்டினால் பீப் என்று சத்தம் போட்டு ஆளை எண்ணிக்கொள்ளுமே. நீதான் அவருக்குச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தாய். அவரும் தலையாட்டினார். நீ விமானம் ஏறின பிறகு அதைக் கோட்டுப் பையில் போட்டவர்தான், ஒரு நாளும் வெளியே எடுக்கவில்லை. வருகிறவர் தோளில் தட்டி, பேர் சொல்லி, "உள்ள போ, குளிருது" என்று அனுப்பிவிடுவார். நான் ஒரு தடவை கேட்டதற்கு, "நாப்பது வருஷமா தெரிஞ்ச முகத்தைக் கடைச் சாமான் மாதிரி ஒத்தி எடுக்கணுமா இர்மா" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது, அதை மறைக்க மாட்டேன். ஊரில் ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. சீசன் முழுதுக்குமான டிக்கெட் சமையலறைச் சுவரில் குத்தியிருக்கும், ஆள் மட்டும் வருவார். எல்லாரும் வந்தார்கள் மார்லா, ஒருவர் விடாமல் வந்தார்கள், ஆனால் கல்லூரிக் கணக்கில் யாருமே வரவில்லை.

நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை, தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஹெர்ஷல், பார்த்தீர்களா, டேல் ஜனங்களை விரட்டிவிட்டான் என்று மனுவைச் சுற்றுக்கு விட்டார். அப்பாவிடம் வந்தபோது வீட்டில் வைத்துப் படிக்கிறேன் என்று மடித்து வைத்துக்கொண்டார். அது இப்போது குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தில் தொங்குகிறது, கையெழுத்து இல்லாமல். டேலின் இரண்டு பெண் குழந்தைகளும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் என் வகுப்பு. பால் எடுக்கக் கதவைத் திறக்கிறபோதெல்லாம் அதுகள் முகம்தான் வருகிறது.

புதன்கிழமை ஆட்டத்துக்கு அப்பா வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பச் சொன்னார். பக்கவாசலில் போய் நின்றார், கோட்டுப் பையிலிருந்து அந்த மெஷினை எடுத்தார். நீ சொல்லிக்கொடுத்த பொத்தானை இரண்டு தடவை தப்பாக அழுத்தினார். ஜனங்கள் வர வர ஒவ்வொருவரையும் நிறுத்தினார். பாதிப் பேரிடம் டிக்கெட் இல்லை, வீட்டுக்குப் போய் எடுத்துவர வேண்டியதாயிற்று. ஆலங்கட்டியும் மழையுமாகக் கொட்டுகிறது, வரிசை சாலைவரை போய்விட்டது. பக் வந்து, "டேய் வெர்லின், நான் யாருன்னு தெரியலியா? உன் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா மோதிரம் வச்சிருந்தவன்டா" என்றார். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல், "டிக்கெட்டைக் காட்டு பக்" என்றார். நோரீன், "எனக்கு வயசு எண்பத்தொண்ணு, அதையும் அந்தப் பொட்டியில காட்டணுமா" என்று கேட்டாள். அவளிடமும் அதே வார்த்தைதான். சிலர் முணுமுணுத்தார்கள், ஒருவர் கெட்ட வார்த்தைகூடச் சொன்னார், யார் என்று எழுத மாட்டேன், அவர் பாட்டுக் குழுவில் இருக்கிறார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அன்றைக்குத்தான் இந்த சீசனிலேயே முதல் தடவையாகப் பதினோராவது நொடியில் நம் கூடை விழுந்தது. அதைப் பார்க்க உள்ளே ஆளில்லை. நானும் சில மாணவர்களும் எழுந்த வேகத்தில் உட்கார்ந்தோம். ஊரே வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தது. ஆட்டத்தில் தோற்றோம், ஒன்பது புள்ளி வித்தியாசத்தில்.

கடைசியில் மெஷின் கணக்கு ஐந்நூற்று எண்பத்தெட்டு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஹெர்ஷல் குதிக்கிறார், ஒரே கூட்டம் போட்டு மூன்று மடங்கு ஆளைக் கொண்டுவந்துவிட்டேன் என்று. ப்ரூயிட் மட்டும் அவரிடம், ஒரு நாள் கணக்கைக் குழு எடுத்துக்கொள்ளாது, இரண்டு வருடத்தைத்தான் பார்ப்பார்கள், இதைக் கடைசி நேர நாடகம் என்றுகூட நினைக்கலாம் என்றார்.

நேற்றுக் காலை முட்டையும் பிஸ்கட்டும் வைத்தேன். அப்பா தட்டைத் தொடாமல், "உன் நோட்டுல நேத்து எத்தனை எழுதியிருக்கே" என்று கேட்டார். ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று என்றேன். "மூணு பேர் இடிக்குதே" என்றார். நீங்கள் ஒன்று, கதவு திறக்கும் முன்பே உங்களோடு வந்த நான் ஒன்று, தரை துடைக்கிற லெஸ்டர் ஒன்று என்றேன். "அப்ப உன் கணக்கு சரிதான். முப்பத்தொரு ஆட்டமும் சரிதான்" என்றார். பிறகு எழுந்து கோழிக்கூட்டைப் பார்க்கப் போய்விட்டார், முட்டை ஆறிப்போயிற்று.

அந்த நோட்டைக் குழுவின் முன் வைத்தால் அணி பிழைக்கலாம், டேலும் பிழைக்கலாம். நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்பார்கள், அதற்கு ஒரே பதில்தான் உண்டு, அது உன் அப்பாவின் பேர். இந்த ஊரில் அந்த அரங்கத்தை அவரைவிட நேசித்தவர் யாருமில்லை, அவர் கையாலேயே அது மூடப்பட இருந்தது என்று ஊர் பேசும். பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது, அணி போய்விடும், டேல் மேல் பழி நிற்கும். நான் பொய் சொல்லவில்லை, ஆனால் தினமும் முழங்காலில் நின்று ஜெபிக்கும்போது அந்த நோட்டுதான் கண்முன் வருகிறது. அவர் சொல்லாமல் நான் கொண்டுபோக மாட்டேன். ஐம்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியாயிற்று, அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு காரியமும் செய்ததில்லை, இனி செய்யவும் தெம்பில்லை.

அதனால் இன்று காலை அவரிடம் சொன்னேன், எல்லாவற்றையும் மார்லாவுக்கு எழுதப் போகிறேன் என்று. கோபம் வரும் என்று நினைத்தேன். பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "எழுது. மெஷினைச் சொல்லிக்கொடுத்தவ அவதானே. அவ என்ன சொல்றான்னு பாப்போம்" என்றார். இந்தக் கடிதத்தைத் தபால் ஆபீசுக்குக் கொண்டுபோகப் போவதும் அவர்தான், வண்டியை வெளியே சூடேற்றிக்கொண்டு காத்திருக்கிறார்.

போனில் வேண்டாம் மார்லா. போன் என்றால் அங்கே பனி எத்தனை அடி என்று கேட்டுவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவார். எழுத்து என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படிப்பார். அவர் பேருக்கே எழுது. எனக்குப் பரிந்து எழுதாதே, அவருக்குப் பரிந்தும் எழுதாதே, உனக்குச் சரி என்று படுவதை எழுது. இரவு வேலை முடிந்து வந்தால் வெறும் காப்பியோடு படுத்துவிடாதே, சூடாக ஏதாவது சாப்பிடு. கர்த்தர் உன்னை உன் போக்கிலும் வரத்திலும் காத்து நடத்துவாராக, உன் நோயாளிகளுக்கும் உன் கைகளைக் கொண்டு சுகம் தருவாராக.

காலுறை விஷயத்தையும் மறக்காமல் எழுது. குழு கூடுவது மார்ச் பன்னிரண்டு, புதன்கிழமை. உன் ஊர்த் தபால் வர எட்டு நாள் ஆகிறது. தயவுசெய்து சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
இர்மா