உன் பெயர் போட்ட கோப்பை

இன்று காலை பத்திரிகை வாங்கக் கிளம்பியபோது சப்பாத்தின் அடியில் எதுவோ ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். நசுங்கிப்போன ரோஜா இதழ். மூக்கருகே கொண்டுபோனால் பன்னீர் வாடை. கல்யாண வீட்டில் என்றால் அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். இன்று இதழை வாசலுக்கு வெளியே சுண்டி எறிந்தேன். பத்திரிகையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று உனக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். வேறு யாரிடம் சொன்னாலும் "விடுங்கண்ணே, நம்ம ஆளுங்கதானே" என்பார்கள். நீ ஒருவன்தான் என்னோடு சேர்ந்து காறித் துப்புவாய்.

நேற்று தம்பின் டவுன் மண்டபத்தில் குத்துச்சண்டை நடத்தினார்கள். உன் நினைவாக, உன் பெயரில். சிரிக்காதே. மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பேனர். அதில் பாதி சிறப்பு விருந்தினராக வந்த டத்தோவின் முகம், மீதி ஏற்பாட்டாளர்களின் முகங்கள், கீழ்மூலையில் தபால்தலை அளவுக்கு நீ. அதுவும் யாரோ கல்யாணத்தில் சாப்பிட்டு எழுந்தபோது எடுத்த படம். இந்த மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் எல்லாம் நடுவராக நின்றவன் நீ. வெள்ளைச் சட்டையும் கழுத்தில் கறுப்பு போ டையுமாக நிற்கிற படம் உன் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. அதைக் கேட்டு வாங்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

அமெச்சூர் பெண்கள் பிரிவில் ஜெயிக்கிறவருக்கு உன் பெயர் பொறித்த கோப்பை என்று அறிவித்திருந்தார்கள். அதற்காகத்தான் உன் மகள் கோமதி போனாள். இல்லையென்றால் அவளுக்கு இந்தக் கூட்டத்தோடு என்ன வேலை? ஒரு மாதமாகத் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து மூச்சு வாங்கப் பயிற்சி செய்தாள். உன் படத்துக்குக் கீழே அலமாரியில் இடமும் ஒழித்து வைத்துவிட்டாள். "அப்பா பேர வேற யாராச்சும் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போறத என்னால பாக்க முடியாது மாமா" என்றாள். அவளுடைய பயிற்சியாளருக்குத் துணையாக வாளியும் துண்டும் தூக்க நான் போனேன். நீ இல்லாத இடத்தில் வேறு யார் நிற்பது?

உனக்கு நினைவிருக்கிறதா, சுவா பக்கத்துத் தோட்ட மண்டபத்தில் ஒரு சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சப்பாத்துக் காலோடு ரிங்கில் ஏறினாரே? கழற்றச் சொன்னாய். அவர் சிரித்தார். நீ போ டையை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அப்ப சண்டையையும் நீங்களே நடத்திக்குங்க" என்று இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாய். கடைசியில் அந்த மனிதர் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். வெளியே உன்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கப்பா இத்தனை கோபம் என்று கேட்டதற்கு, "மேடை பேசறவனுக்கு, ரிங்கு அடி வாங்கறவனுக்கு" என்றாய். ரிங்குக்குத் தினமும் சூடம் காட்டினாலும் காட்டுவாய் என்று நான் கேலி செய்தேன். கித்தான் விரிப்பில் நாலு சொட்டுத் தண்ணீர் சிந்தினால் நீயே மண்டியிட்டுத் துடைக்கிற ஆள் அல்லவா நீ.

நேற்று ஆறு மணிக்கு ஆரம்பம் என்றார்கள். எட்டாகியும் டத்தோ வரவில்லை. சரி, பிள்ளைகளை மட்டும் அடிக்கவிடலாம் என்று தொடங்கினார்கள். தலைக்கவசம் போதாது. ஒருவன் கழற்றியதை அப்படியே, வியர்வை சொட்டச் சொட்ட, அடுத்தவன் தலையில் மாட்டினார்கள். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அறிவிப்பாளர் சண்டை போடுகிறவர்களின் பெயரை ஒருமுறையும், குலுக்கல் பரிசாக வைத்திருந்த அரிசிக் குக்கரின் பெயரைப் பத்து முறையும் சொன்னார்.

பிறகு கோமதி ஏறினாள். எதிரே லிங்கியிலிருந்து வந்த ஒரு பெண், நல்ல கைவேகம். ஆனால் முதல் சுற்று முழுக்க நம் பெண்ணின் கைதான். இடது கை போய்ப் போய் வந்தது, கால் தரையைத் தொட்டதே தெரியவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோய், பக்கத்தில் நீ இருப்பதாக நினைத்து முழங்கையால் இடித்தேன். பயிற்சியாளர் திரும்பி முறைத்தார்.

இரண்டாம் சுற்று பாதியில் இருக்கும்போது வாசலில் உறுமி மேளம் அதிர்ந்தது. டத்தோ வந்துவிட்டார். ஏற்பாட்டாளர் ஓடி வந்து, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கையை ஆட்டினார். நடுவர் பையனும் நிறுத்தினான்! அடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களைப் பிரித்து, ஒரு பெரிய மனிதருக்கு மாலை போடுவதற்காகச் சண்டையை நிறுத்தினான். அதோடு விட்டார்களா? படம் எடுக்க வெளிச்சம் ரிங்கில்தான் நன்றாக இருக்கிறதாம். மேளக்காரர்கள் உட்பட ஒரு பட்டாளமே சப்பாத்தோடு மேலே ஏறியது. டத்தோவின் இடுப்பு வரைக்கும் ரோஜா மாலை, அதன்மேல் பொன்னாடை, அதன்மேல் பன்னீர். கோமதியையும் லிங்கிப் பெண்ணையும் கையுறையோடு இரண்டு பக்கமும் நிறுத்திச் சிரிக்கச் சொன்னார்கள். பிறகு அவர் உன்னைப் பற்றிப் பேசினார். நீ நம் சமுதாயத்துக்குப் பெருமை சேர்த்த கால்பந்து வீரனாம். கோமதி என்னைப் பார்த்தாள். நான் வாளியைப் பார்த்தேன்.

அரை மணி நேரம் கழித்து, உடம்பெல்லாம் ஆறிப்போன பிறகு, மறுபடியும் மணி அடிக்கத் தயாரானார்கள். விரிப்பு முழுக்க இதழும் பன்னீரும்.

"தம்பி, தொடைக்கணும்லா, வழுக்கும்" என்றேன் ஏற்பாட்டாளரிடம்.

"கூட்டியாச்சுண்ணே. டத்தோ கெளம்பணும், அவரு கையால ஜெயிச்ச புள்ளைக்குப் பியாலா குடுக்கணும்லா. கொஞ்சம் சாபார், பொறுங்க."

நான் துண்டை எடுத்துக்கொண்டு கயிற்றுக்குள் காலை வைத்தேன். "அங்கிள், நீங்க ஏறக்கூடாது, ரூல்ஸ்" என்று நடுவர் பையன் தடுத்தான். உறுமி மேளம் ஏறலாம், நான் ஏறக்கூடாது. அவன் முகத்தில் துண்டை வீசலாமா என்றிருந்தது.

மணி அடித்தது. கோமதி இடது கையை நீட்டினாள், பின்கால் வழுக்கியது. ஒரு முழங்காலும் ஒரு கையும் தரையில். குத்து எதுவும் அவள்மேல் படவில்லை, லிங்கிப் பெண்ணே கையை இறக்கிவிட்டாள். நீயாக இருந்தால் கையுறையைத் துடைத்துவிட்டு, ஆடும்மா என்றிருப்பாய். இவனோ குத்துப்பட்டு விழுந்ததாக வைத்து எண்ணத் தொடங்கினான். எட்டு வரை எண்ணினான். அவள் முழங்கால் பிசகி, காலைக் கீழே வைக்க முடியாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் சுற்றை ஒற்றைக் காலில் ஆடினாள் என்றே சொல்ல வேண்டும். தோற்றாள். டத்தோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உன் கோப்பையை லிங்கிப் பெண்ணிடம் கொடுத்தார். அந்தப் பிள்ளை நேரே கோமதியிடம் வந்து, "அக்கா, பூவுலதான் வழுக்குனீங்க, எனக்குத் தெரியும்" என்றது. நேற்று அந்த மண்டபத்தில் நான் கேட்ட ஒரே மனித வார்த்தை அதுதான்.

கடைசியாக நடந்த தொழில்முறைச் சண்டையைப் பற்றி என்ன சொல்ல? வெளிநாட்டிலிருந்து வரவழைத்த வீரன் என்று பீற்றிக்கொண்டார்கள். தொந்தியும் தொப்பையுமாக ஏறினான். நம்மூர்க்காரன் வீசிய குத்து அவன் முழங்கையில் பட்டதும் மல்லாந்து விழுந்தான். விழுந்தவன் ஒரு கண்ணைத் திறந்து எண்ணிக்கை எதுவரை வந்தது என்று பார்த்ததை முன்வரிசை முழுக்கப் பார்த்தது. ஜெயித்தவன் பரிசாகக் கொடுத்த சாம்பியன் இடுப்பு வாரைத் தலைக்கு மேல் தூக்கி அழுதான். கூட்டம் தண்ணீர் போத்தல்களை எறிந்தது. எனக்கு எறியக்கூட மனசில்லை.

கோமதியின் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக் கட்டி, கார் நிறுத்தத்துக்குத் தாங்கிக்கொண்டு வந்தேன். ஏற்பாட்டாளர் பிளாஸ்டிக் பையோடு ஓடி வந்தார். உள்ளே இன்னொரு கோப்பை, அதே போல, உன் பெயரோடு.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. எக்ஸ்ட்ரா நாலு அடிச்சு வெச்சோம். ஒங்க அப்பா பியாலாதானே, நீயும் ஒண்ணு வெச்சுக்க."

அவள் வாங்கினாள். உன் பெயரைக் கட்டைவிரலால் தடவினாள். அந்த ஆள் முன்னால் அழுதுவிடக் கூடாதே என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை.

"அடுத்த வருஷமும் நடத்துவீங்களாண்ணே?"

"கண்டிப்பா! இன்னும் கிராண்டா!"

"நடத்துங்க. அப்பா பேரு மட்டும் வேணாம். எடுத்துடுங்க."

"என்ன தங்கச்சி, அவருக்கு மரியாத செய்யத்தானே இவ்வளவும்..."

"அதான் சொல்றேன். எடுத்துடுங்க" என்று கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள்.

வீடு வந்து படியேறும்போது, "நான் செஞ்சது சரிதானா மாமா?" என்று கேட்டாள். சரிதாம்மா என்றேன். அவளுக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. உன் பெயரை எல்லோரும் கேட்க வேண்டும் என்று போனவள், இனி யாரும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கு என்ன சொல்லி ஆறுதல் தருவது?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த ஏற்பாட்டாளர் போனில் கூப்பிட்டார். பத்திரிகையில் செய்தி போடப்போகிறார்களாம், பழைய ஆள் என்ற முறையில் நான் இரண்டு வரி நல்லதாகச் சொல்ல வேண்டுமாம். நீ இருந்தவரை கோபப்படுவது உன் வேலை, டீ வாங்கிக் கொடுப்பது என் வேலை. இந்த வயதுக்கு மேல் எனக்கும் கோபம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. வந்தது. என் வாயிலிருந்து யாரும் கேட்டிராத வார்த்தைகளை எல்லாம் அந்த மனிதர் கேட்டார். அவர் போனை வைத்த பிறகும் என் கை நடுங்கிக்கொண்டே இருக்கிறது, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். சுவாவில் அன்று டீ குடிக்கும்போது கோப்பையை நீ இரண்டு கையாலும் பிடித்திருந்தாய். குளிர்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். உனக்கும் இப்படித்தான் நடுங்கியதா?