அரை வாளி

2024 யூலை 6, சனி

தண்ணிப் பம்ப் திருத்துவதில் உருத்திரபுரத்திலேயே பெயர் எடுத்த ஒருவன், இன்று நாற்பது பேருக்கு முன்னால் கிணற்றில் வாளியை விட்டு வெறும் வாளியை இழுத்தான். அவன் வேறு யாருமில்லை, மெக்கானிக் என்பதால் ஊர் ‘பாஸ்’ என்று கூப்பிடும் நான்தான்.

மகள் தேனுகாவின் பள்ளிக்கூடத்தில் விவசாயக் கழகத்துக்காகச் சிரமதானம். பின் வளவில் பற்றைக்குள் கிடந்த பழைய கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினோம். பிள்ளைகள் அங்கே தோட்டம் போட்டிருக்கிறார்கள், அடுத்த மாதம் வலயப் போட்டி. புதுத் தண்ணீர் ஊறி ஒன்பது அடி நிற்கிறது. கயிறு விட்டு அளந்தவனும் நானே. "முதல் வாளியைப் பாஸ் அள்ளட்டும்" என்றார் பொறுப்பாசிரியை பத்மாசனி ரீச்சர். மாலை ஒன்றுதான் போடவில்லை. வாளியை விட்டேன். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. கயிறு கனத்தது. இழுத்தேன். மேலே வந்த வாளியின் அடி காய்ந்து கிடந்தது. ஈரம்கூட இல்லை.

"பாஸ், நீர் திருத்தின பம்ப்பும் இப்பிடித்தானோ?" என்றார் கதிர்காமநாதன் அண்ணை. அபிவிருத்திச் சங்கச் செயலாளர், சொன்னால் எல்லோரும் சிரிக்கத்தான் வேண்டும். எல்லோரையும் விட நான் பலமாகச் சிரித்தேன். வாளியில் ஓட்டை என்றேன்.

அதே வாளியில் ரீச்சர் அள்ளினார். தளும்பத் தளும்ப வந்தது.

யூலை 7, ஞாயிறு

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். எழுதாமல் படுத்ததால் நித்திரையும் வரவில்லை.

என் கூடப் பிறந்த சுப்பம்மா அக்கா வந்திருந்தார். ஜெயபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, அவித்த மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் பெரிய சட்டியில் சுமந்துகொண்டு. மருமகளின் கழகத்துக்குச் சிரமதானம் என்று போனில் உளறியவன் நான்தான்.

ரீச்சர் சட்டியை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இவா ஆர், பாஸ்?"

"எங்கட வயலுக்குக் களை புடுங்க வாறவா."

அப்படியே வந்துவிட்டது. யோசிக்கவே இல்லை. அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ரீச்சரிடம் திரும்பி, "ஆமாங்க டீச்சர், ஐயா வீட்டு வேலைக்குத்தான் வர்றேன்" என்றார்.

ஐயாவாம். என்னை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டினவா. தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தபோது எனக்கு ஆறு வயது. பாதி வழி அவாவின் முதுகில்தான் வந்தேன். நான் பொய் சொல்லி வாய் மூடுவதற்குள் அந்தப் பொய்க்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கிழங்கில் ஒரு துண்டுகூடத் தின்னாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டா.

ஏன் சொன்னேன்? கலியாணத்தின்போது ராஜினியின் பெரியப்பா ஊர் எது என்று கேட்டார். மலைநாட்டுத் தோட்டத்து ஆள் என்றால் பெண் தரமாட்டார்கள் என்று, சாவகச்சேரி என்றேன். அங்கே இரண்டு வருஷம் ஒரு சைக்கிள் கடையில் செயின் துடைத்திருக்கிறேன், அந்த உரிமையில். அன்றிலிருந்து இந்த ஊருக்கு நான் சாவகச்சேரியான். "ஆரும் கேட்டால் அப்பிடியே சொல்லு பிள்ளை" என்று தேனுகாவையும் ஐந்து வயதிலேயே பழக்கிவிட்டேன்.

அவள் தேத்தண்ணிக் கோப்பைத் தட்டோடு பக்கத்திலேதான் நின்றாள். வாய் திறக்கவில்லை.

அதற்குப் பத்து நிமிஷம் கழித்துத்தான் வாளி. அதற்கும் இதற்கும் என்ன? வாளி வாளிதான்.

யூலை 15, திங்கள்

தேனுகா பள்ளிக்கூடத்துப் புதினம் ஒன்று சொன்னாள். கழகத்தில் அவளுக்கு இரண்டு கூட்டாளிகள், ஜனகனும் சிவதர்சினியும். மூவரும் ஒரே பாத்திக்குப் பொறுப்பு. ஜனகனுக்கு மூன்று நாளாக வெறும் வாளிதான் வந்ததாம். நாலாம் நாள் பொடியன் கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து அழுதானாம். போன மாதம் படலையைக் கட்டாமல் போனது தான்தானாம். மாடு வந்து பயிற்றங்கன்றுகளை மேய்ந்துவிட, எட்டாம் வகுப்புப் பொடியன் ஒருவன் தலையில் பழி விழுந்திருக்கிறது. சொல்லி முடித்துக் கயிற்றை இழுத்தால் வாளி நிறையத் தண்ணீர்.

"அந்தக் கிணறு மறைச்சு வைச்சவைக்குத் தராதாம் அப்பா."

"கப்பி இறுகியிருக்கும்" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு பம்ப்பைக் கழற்றத் தொடங்கினேன். நல்லாய் ஓடிக்கொண்டிருந்த பம்ப்.

யூலை 19, வெள்ளி

கிணற்றுக்கு என்னுடைய இரண்டு அங்குலப் பம்ப்பை வைத்துப் பார்த்தேன். நாற்பது நிமிஷம் காற்றை இழுத்தது. தண்ணீர் கண்ணுக்கு முன்னால் பளபளக்கிறது.

யூலை 24, புதன்

சிவதர்சினிக்கும் நடந்துவிட்டது. கதிர்காமநாதன் அண்ணையின் மகள். அந்தப் பிள்ளைக்கு இரண்டு வருஷமாகக் கரும்பலகை தெரியவில்லையாம். கண்ணாடி போட்டால் பொடியள் பகிடி பண்ணுவார்கள் என்று யாருக்கும் சொல்லாமல், தேனுகாவின் கொப்பியைப் பார்த்து எழுதிச் சமாளித்திருக்கிறாள். கிணற்றடியில் கூட்டாளிகளிடம் சொன்னாளாம். வாளி நிறைந்ததாம். ஜனகன் பகிடி பண்ணவில்லை. படலைக் கதையை நாலு பேருக்கு முன்னால் சொல்லித் தலை குனிந்தவன் இனி யாரைப் பகிடி பண்ணப் போகிறான்? கண் வைத்தியரிடம் கூட்டிப்போகச் சொல்லி ரீச்சரிடம் கேட்டதே அவன்தானாம்.

பதினைந்து வயதுக் குஞ்சுகள். எனக்கு நாற்பத்தேழு.

ஓகஸ்ட் 2, வெள்ளி

பள்ளிக்கூட ரோட்டில் தேனுகாவைக் கண்டேன். சைக்கிள் கரியரில் இரண்டு தண்ணிக் கான், ஹாண்டிலில் ஒன்று. வெயிலில் தள்ளிக்கொண்டு போகிறாள்.

"கிணத்தில தண்ணி நிறையக் கிடக்கு எண்டியே?"

"அவைக்கு வருது. எனக்கு வரேல்ல."

"எத்தினை நாளா?"

"முதல் நாள் தொடக்கம்."

ஒரு மாதம். ஒரு மாதமாக வீட்டுக் கிணற்றிலிருந்து அள்ளிக்கொண்டு போய் அந்தப் பாத்திக்கு ஊற்றியிருக்கிறாள். வீட்டுத் தண்ணீர் குறைகிறது என்று நான் ராஜினியை ஏசிக்கொண்டிருந்தேன்.

"நீ என்ன பொய் சொன்னனீ?" என்று கேட்டேன். கேட்க வாய் வந்தது பார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை அப்பா. ஒண்டுமே சொல்லேல்லை."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

ஓகஸ்ட் 3, சனி

பள்ளிக்கூடத்தில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துக் கிணற்றடிக்குப் போனேன். கிணற்றோடு பேரம் பேசப் போன முதல் பம்ப் பாஸ் நானாகத்தான் இருக்கும்.

சின்னதிலிருந்து தொடங்கினேன். "ஓஎல் கணக்கு பாஸ் எண்டு ராஜினிக்குச் சொன்னது பொய். மூண்டு தரம் எடுத்தும் பெயில்." இழுத்தேன். காய்ந்த வாளி. "பொன்னையா அண்ணையின்ர பம்ப் பழசாலை உடையேல்லை, நான்தான் சுத்தியலாலை அடிச்சு உடைச்சனான்." வாளியின் அடியில் ஒரு மேசைக் கரண்டி அளவு தண்ணீர். கடைக்காரன் மிச்சக் காசுக்கு ரொபி தருவதுபோல் தந்தது.

பெரியதைச் சொல்லப் பார்த்தேன். ஒரு குருவிகூட இல்லாத வளவு. அங்கேயே வாய் வரவில்லை. "என்ர அக்கா" என்று தொடங்கி, எந்தப் பேச்சில் முடிப்பது என்று தெரியாமல் நின்றேன். வீட்டில் ஒரு பேச்சு, அக்காவோடு ஒரு பேச்சு. கிணற்றோடு எந்தப் பேச்சு?

கரண்டித் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். நல்ல தண்ணீர். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஓகஸ்ட் 9, வெள்ளி

தேனுகா சாப்பிடவில்லை. கழகத்தில் சண்டை. "நாங்கள் எல்லாம் சொன்னம். நீ மட்டும் வீட்டிலயிருந்து தண்ணி காவிறாய். எங்களை நம்பேல்லை என்ன?" என்று ஜனகன் கேட்டானாம். சிவதர்சினி புதுக் கண்ணாடிக்குள்ளால் பார்த்து, "எங்கட பாத்திக்கு இனி வராத" என்றாளாம். எல்லாவற்றையும்விட அது அறுத்திருக்கிறது. அவளுடைய கொப்பியைப் பார்த்து இரண்டு வருஷம் எழுதின பிள்ளை.

"சொல்ல வேண்டியதுதானே?" என்றேன் நான். நான்!

தேனுகா அறைக்குள் போய்விட்டாள். ராஜினி குசினியில் பாத்திரத்தைப் பலமாக வைத்தாள்.

"இஞ்சருங்கோ. அவள் சொன்னால் நீங்கள் நாறுவியள் எண்டுதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை உங்கட பாரத்தைக் காவிறாள். எனக்கு நீங்கள் எந்த ஊர் எண்டு கலியாணத்துக்கு முதலே தெரியும். நான் உங்களைத்தான் கட்டினனான், சாவகச்சேரியை இல்லை."

பகிடி ஒன்று சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். வரவில்லை.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

ஜெயபுரம் போனேன். அக்கா கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். அன்றைய கதை எதையும் எடுக்கவில்லை. பாப்பா எப்படி இருக்கு, ராஜினிக்கு முழங்கால் வலி எப்படி, அதுதான். கிணற்றுக் கதையைச் சொன்னேன். நெடுநேரம் சிரித்தார்.

"பதினாறாந் தேதி போட்டி. நீங்க வரணும் அக்கா" என்றேன். அவாவோடு பேசும்போது மட்டும் என் நாக்கு செருப்பைக் கழற்றிவிடுகிறது.

"வர்றேன். களைக்கொத்தியோட வரணுமா, சும்மா வரணுமா?"

இதையும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. கச்சான் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ஓகஸ்ட் 16, வெள்ளி

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும். 

நடுவர்கள் வந்து பாத்திகளைப் பார்த்தார்கள். கடைசியில், கழகத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிணற்றில் அள்ளித் தங்கள் பாத்திக்கு ஊற்ற வேண்டும் என்றார்கள். தண்ணீர் பாய்ச்சும் முறைக்குப் புள்ளியாம். தேனுகா ஒரு கரையில் தள்ளி நின்றாள். அக்கா சேலைத் தலைப்பைப் பிடித்தபடி வேம்புக்குக் கீழே நின்றார். பழைய சட்டியில் கிழங்கு, இந்த முறையும்.

தேனுகாவின் முறை வந்தது. ஜனகன் கயிற்றை அவளிடம் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கிணற்றுக் கட்டில் கை வைத்து, அவனையும் சிவதர்சினியையும் மட்டும் பார்த்துச் சொன்னாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"சிரமதானத்தண்டைக்கு கிழங்கு கொண்டு வந்தவா என்ர அத்தை. சொந்த அத்தை. வேலைக்கு வாறவா எண்டு ஒரு கதை வந்தது. நான் கோப்பையோட பக்கத்தில நிண்டனான். இல்லை எண்டு சொல்லேல்லை. எனக்கும் வெக்கமா இருந்தது. அதுதான் நான் மறைச்சது."

ஒரு கதை வந்ததாம். யார் சொன்னது என்று சொல்லவில்லை. அந்த இடத்திலும் அப்பனை விட்டுவிட்டாள்.

ஜனகன் கயிற்றைக் கொடுத்தான். இழுக்க முடியாத பாரம். சிவதர்சினி வந்து ஒரு கை கொடுத்தாள், ஜனகன் மற்றக் கை. மூன்று பேருமாக இழுத்த வாளி கட்டில் தட்டி, பாதி அவர்கள் காலில் கொட்டியது. பிறகும் நிறையத்தான் இருந்தது. சிவதர்சினி அழுதுகொண்டே, "லூசு, இதை எங்களிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றாள். மூன்றும் நனைந்து சிரித்தன. ஒரு மாதத்துக்கு முதல் பார்த்த பிள்ளைகள் இல்லை.

இனி நான் எப்படி நிற்பது? முன்னால் போனேன்.

"அந்தக் கதையைச் சொன்னது நான்தான். இவா சுப்பம்மா. என்ர கூடப் பிறந்த அக்கா. நான் சாவகச்சேரி இல்லை. நாங்கள் மலைநாட்டிலயிருந்து வந்த ஆக்கள். ஜெயபுரம்."

கிணற்றுக்குள் தவளை கத்தியது. 

கதிர்காமநாதன் அண்ணை வெற்றிலையைத் துப்பினார். "பாஸ், இது பத்து வருசமா எங்களுக்குத் தெரியும். பம்ப் இழுக்காட்டி நீர் எந்த ஊர்ப் பேச்சில ஏசுறனீர் எண்டு முழு உருத்திரபுரத்துக்கும் கேட்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். கலியாணம் தொட்டு நான் ஒளித்தது தெரியும் என்பதைப் பத்து வருஷமாக ஊர் முழுக்க எனக்கு ஒளித்திருக்கிறது. ஆனால் எல்லோரும் என்று எழுதுவதும் பொய். பின்னால் நின்ற ஒரு அம்மா, கையில் எடுத்த கிழங்கைத் திரும்பச் சட்டிக்குள் போட்டார். அக்கா அதைக் கண்டார். நானும் கண்டேன். பத்மாசனி ரீச்சர் அந்தத் துண்டையே எடுத்துச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டார். "அண்டைக்கு உங்களை இருக்கச் சொல்லவும் இல்லை நான்" என்று அக்காவிடம் சொன்னார்.

பாத்திக்கு இரண்டாம் இடம். முதலாம் இடம் வேறு பள்ளிக்கூடத்துக் கத்தரிக்காய்க்கு.

சனம் கலைந்த பிறகு ஜனகன் கயிற்றை நீட்டினான். "அங்கிள், நீங்களும் ஒருக்கா அள்ளிப் பாருங்கோவன்."

விட்டேன். இழுத்தேன். அரை வாளி.

தேனுகா எட்டிப் பார்த்தாள். அக்காவும் பார்த்தார். "போதும்டா, சட்டி கழுவ இது போதும்" என்று அந்தத் தண்ணீரிலேயே சட்டியைக் கழுவினார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சந்தி வரைக்கும் சட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். கால்மணி நேர நடை. மழை எப்போது வரும் என்று பேசினோம். பஸ் வந்தது. ஏற்றிவிட்டேன். கை காட்டினேன்.

மற்ற அரை வாளி எதற்கென்று கிணற்றுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊருக்குச் சொன்னேன். அவாவுக்குச் சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன், அவாவின் பேச்சிலேயே, என் பேச்சிலேயே:

அக்கா, அன்னிக்கு நீங்க என்னைய ஐயான்னு கூப்பிட்டப்ப, நான் பேசாம நின்னுட்டேன். என்னைய மன்னிச்சிருங்க.